கோலாலம்பூரில் பிடித்த பாடகரின் கச்சேரி: போகிறவர்களும் போய் வந்தவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கச்சேரி அறிவிப்பு வந்த அன்றே தெரிந்தவர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். எந்த டிக்கெட் எடுக்கலாம், அம்மாவைக் கூட்டிப் போகலாமா, ராத்திரி எப்படி வீடு திரும்புவது என்று தொடங்கி, கச்சேரி முடிந்த மறுநாள் "அவர் உண்மையிலேயே பாடினாரா" என்பது வரை ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதில்களில் பாதி நான் பார்த்தது. மீதி, கச்சேரி முடிந்து மாமாக் கடையில் தே தாரேக்கை வைத்துக்கொண்டு விடியும்வரை பேசிய ரசிகர்கள் சொன்னது. பெரும்பாலும் புக்கிட் ஜாலிலை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன், நம் ஊரில் பெரிய தமிழ்க் கச்சேரிகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

யூடியூப்லயே தெளிவா கேக்குது, எதுக்கு இவ்வளவு வெள்ளி குடுத்து நேர்ல போகணும்?

தெளிவுக்காக மட்டும் என்றால் போக வேண்டாம், வீட்டில் நல்ல ஹெட்போன் போதும். ஆனால் ஸ்டூடியோவில் பதிவான பாட்டு முடிந்துபோன ஒன்று, நூறு தடவை கேட்டாலும் அதே இடத்தில்தான் மூச்சு வாங்கும். மேடையில் அதே பாட்டு இன்னும் முடியாமல் இருக்கிறது. பாடகர் பல்லவியை வாத்தியம் எதுவும் இல்லாமல் மெதுவாக எடுப்பார், சரணத்தில் புதிதாக ஒரு சங்கதி போடுவார், புல்லாங்குழல் வாசிப்பவரை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டு தானும் நின்று கேட்பார். அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த பாட்டு அது.

இன்னொன்று கூட்டம். நம்மில் பலர் இந்தப் பாட்டுகளைத் தனியாகவே கேட்டு வளர்ந்தவர்கள், காரில், வேலைக்குப் போகிற ரயிலில், ராத்திரி படுக்கையில். அதே வரியை முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு சொல் பிசகாமல் பாடும்போது வரும் உணர்ச்சி வேறு எங்கும் கிடைப்பதில்லை. தங்களுக்குள் ஆங்கிலத்திலும் மலாயிலுமே பேசிக்கொண்டு வந்த இளம் பிள்ளைகள் இரண்டாம் சரணம் வரை மனப்பாடமாகப் பாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே போகலாம்.

அக்சியாத்தா அரேனாவும் புக்கிட் ஜாலில் ஸ்டேடியமும் ஒண்ணுதானே?

இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வேறு இடங்கள். இரண்டும் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டப்பட்டவை. அக்சியாத்தா அரேனா என்பது பழைய புத்ரா உள்ளரங்கம், 2017இல் அந்தப் பெயர் வந்தது, 2025இல் யூனிஃபை அரேனா என்று மறுபடியும் மாறியது. சுமார் 16,000 பேர் உட்காரலாம், மேடை போட்ட பிறகு அதைவிடக் குறையும். மேலே மூடிய இடம், குளிரூட்டி உண்டு. தேசிய ஸ்டேடியம் 80,000 பேருக்கு மேல் கொள்ளும் திறந்தவெளி. 2023 ஜனவரி 28 அன்று ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி நடத்தியது இந்தப் பெரிய ஸ்டேடியத்தில்தான்.

டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்த இருக்கை, மழைக்கு என்ன செய்வது, எந்த வாசல் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே மாறும். நகரத்துக்குள் ஹங் துவா நிலையத்தை ஒட்டியிருக்கும் ஸெப் போன்ற சின்ன அரங்குகளிலும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அங்கே 2,000 பேருக்குச் சற்று மேல்தான் இடம். உங்கள் பாடகர் அங்கே வந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், அவ்வளவு அருகில் இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்காது.

எந்த டிக்கெட் எடுக்கலாம்? ஆக முன்னாடி இருந்தாத்தான் நல்லாருக்குமா?

முகத்தைப் பார்க்க வேண்டுமா, பாட்டைக் கேட்க வேண்டுமா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். ஆக முன்னால் இருப்பவர்களுக்கு முகம் தெரியும், ஆனால் தாழ்வான டிரம்ஸ் ஒலி நெஞ்சை அடிக்கும், பாடகரின் குரல் தலைக்கு மேலே போய்விடும். மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கும் விலை குறைந்த இருக்கைகளில் பாதி மேடையைத் திரைச் சட்டங்கள் மறைக்கும்.

என் கணக்கில் நல்ல இடம், ஒலிப் பொறியாளர் உட்காரும் இடத்துக்கு அருகிலோ அதற்கு நேர் பின்னாலோ இருப்பதுதான். கூட்டத்தின் நடுவில் கூடாரம் மாதிரி ஒன்று போட்டு ஒருவர் பெரிய பலகையில் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பாரே, அந்த இடம். அவர் தன் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் ஒலியை அமைக்கிறார், அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். அரேனாவில் மேடைக்கு நேர் எதிரே முதல் அடுக்கு இருக்கைகள் இதற்குப் பொருத்தம், விலையும் பெரும்பாலும் நடுத்தரமாகவே இருக்கும்.

டிக்கெட் முடிஞ்சிருச்சு. டெலிகிராம்ல ஒருத்தர் விக்கிறாரு, வாங்கலாமா?

வேண்டாம். ஒரே கியூஆர் குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்க முடியும், வாசலில் முதலில் காட்டுபவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் வெளியே நிற்பார்கள். வாசலில் அப்படி நின்று அழுத ஒரு தங்கச்சியைப் பார்த்திருக்கிறேன், ஈப்போவிலிருந்து வந்தவர். கச்சேரி நெருங்கும்போது ஏற்பாட்டாளர்களே சில இருக்கைகளைத் திறந்து விடுவதுண்டு. மேடை அமைப்பு உறுதியானபின் மறைக்காத இடங்கள் தெரிந்துவிடும் அல்லவா, அந்த டிக்கெட்டுகள் வரும். அதனால் கடைசி வாரம் வரை அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நேரில் அறிமுகமானவரிடம் வாங்குவதென்றால், டிக்கெட் விற்கும் செயலியிலேயே பெயர் மாற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். படமாக அனுப்புவதை நம்பாதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 997க்கு அழையுங்கள், அது தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் தடுக்க வாய்ப்பு உண்டு, அதனால் வெட்கப்பட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். பிறகு போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

கார்ல போகலாமா, எல்ஆர்டியா?

எல்ஆர்டி. ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் புக்கிட் ஜாலில் நிலையம், இறங்கி நடந்தால் வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கேஎல் சென்ட்ரலில் ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் மாறிக்கொள்ளலாம். காரில் வந்தால் நிறுத்த இடம் தேடுவதைவிட முடிந்தபின் வெளியே வருவதுதான் பெரும்பாடு. கார் கட்டாயம் என்றால் அதே தடத்தில் வேறொரு நிலையத்தில் நிறுத்திவிட்டு ரயிலில் வாருங்கள்.

டச் அண்ட் கோ அட்டையில் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போகும்போதே பணம் போட்டுவிடுங்கள். முடிந்தபின் அந்த இயந்திரத்துக்கு முன் நிற்கும் வரிசையைப் பார்த்தால் புரியும். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி. பெரிய நிகழ்ச்சிகளுக்கு நேரத்தை நீட்டிப்பார்கள், ஆனால் நீட்டித்திருக்கிறார்களா என்று அன்றைக்கே பார்த்து உறுதி செய்யுங்கள். கிராப் கூப்பிடுவதென்றால் முடிந்தவுடன் கூப்பிடாதீர்கள், விலை தாறுமாறாக ஏறியிருக்கும், வண்டியும் உங்களிடம் வந்து சேராது. ஸ்ரீ பெட்டாலிங் பக்கம் நடந்துபோய் சாப்பிட்டு, அரைமணி நேரம் ஆறவிட்டுக் கூப்பிடுங்கள்.

நாங்க பினாங்கு. எங்க ஊருக்கு வரவே மாட்டாங்களா?

வருவார்கள், பாயான் பாருவில் ஸ்பைஸ் அரேனா இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய குழுவை, ஒலி, ஒளிக் கருவிகளோடு கொண்டுவருகிற செலவு ஒரு கச்சேரியிலேயே திரும்பி வர வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் நினைப்பதால், கிள்ளான் பள்ளத்தாக்கின் கூட்டத்தை நம்பி கோலாலம்பூரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வடக்கே இருக்கும் ரசிகர்களுக்கு இது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது. பினாங்கில், கெடாவில், பேராவில் எத்தனை தமிழர்கள் இருக்கிறோம்.

கிளம்பி வருவதென்றால் பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில் கேஎல் சென்ட்ரலுக்கு வரும். பேருந்தில் வந்தால் பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்தில் இறங்குங்கள், அங்கிருந்து அதே ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் இரண்டாவது நிலையம் புக்கிட் ஜாலில், மாற வேண்டியதே இல்லை. அன்றிரவே திரும்பும் திட்டம் மட்டும் வேண்டாம். கடைசி நான்கு பாட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடும், நல்ல பாட்டுகள் அங்கேதான் இருக்கும்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

சின்னப் பை, அடையாள அட்டை, பவர் பேங்க், மருந்து சாப்பிடுபவர் என்றால் மருந்து, ஒரு மெல்லிய சட்டை. டிக்கெட்டை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், வாசலுக்குப் போன பிறகு இணையத்தைத் தேடாதீர்கள். அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் இணைப்பு நின்றுவிடும். கூட வந்தவர்களோடு பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதையும் போன் வேலை செய்யாது என்று நினைத்துக்கொண்டே பேசி வையுங்கள்.

தேசிய ஸ்டேடியத்தில் இருக்கைகளுக்கு மேல் கூரை உண்டு, மைதானத்தில் நாற்காலி போட்ட பகுதிக்குக் கிடையாது. நம் ஊர் மழை மாலையில்தான் வரும், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சொல்லவே வேண்டாம். குடையை உள்ளே விடுவது அரிது, மழைக்கோட்டு மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெயின் சிங்கர் எட்டு மணிக்கு மேலதான் வருவாராம். நாமளும் அப்பவே போனா போதாதா?

போதாது. முதலில் பாடுபவர்கள் பெரும்பாலும் நம் உள்ளூர்க் கலைஞர்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாட வைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். மலேசியத் தமிழ் இசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கிள்ளானில் பிறந்த மலேசியா வாசுதேவன் சென்னை போய்த் தமிழ்த் திரையின் மறக்க முடியாத குரல்களில் ஒன்றானார். யோகி பியும் நட்சத்திரா குழுவும் 2006இல் தங்கள் தமிழ் ராப் பாட்டுகளைத் தமிழ்நாடு வரை கேட்க வைத்தார்கள். அடுத்து அப்படி வரப்போகிறவர் அந்த முதல் அரைமணி நேரத்தில் பாடிக்கொண்டிருக்கலாம்.

நான் கேட்டுக்கொள்வது, சீக்கிரம் போங்கள், கைதட்டுங்கள், அவர்கள் பெயரைக் கேட்டு வைத்து வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள். வாசல் வரிசையில் நிற்கும் எரிச்சலும் இதனால் குறையும்.

அம்மாவுக்கு எழுபது வயசாச்சு, முட்டி வலி. கூட்டிட்டுப் போகலாமா?

கட்டாயம் கூட்டிப் போங்கள். தோட்டத்து லயத்தில் வானொலி ஆறில் கேட்ட குரலை இத்தனை வருஷம் கழித்து நேரில் கேட்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கைதட்டக்கூட மறந்துவிடுகிறார்கள். நம்மில் பலருக்கு இந்தப் பாட்டுகளை அறிமுகப்படுத்தியதே அவர்கள்தான்.

இருக்கையை மட்டும் யோசித்து எடுங்கள். மேல் அடுக்குகளில் படிகள் செங்குத்தாக இருக்கும், கைப்பிடியும் எல்லா இடத்திலும் இல்லை. கீழ் அடுக்கில் நடைபாதை ஓரத்து நாற்காலி, கழிப்பறைக்கு அருகில் உள்ள வாசல், இவை இரண்டும் கிடைத்தால் கொஞ்சம் அதிக விலை என்றாலும் பரவாயில்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள், ஓகேயு எனும் மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்து வராதீர்கள், முடிந்தபின் கூட்டம் கரையும்வரை உட்கார்ந்திருங்கள். அவசரம் எதுவும் இல்லை.

சின்னப் பிள்ளைங்க காதுக்கு ஒண்ணும் ஆகாதா?

ஆகலாம். பெரியவர்களுக்கும்தான். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலாளர் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் கணக்கு, ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். கச்சேரியோ மூன்று மணி நேரம். நிகழ்ச்சி அரங்குகளில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

குழந்தைகளுக்குக் காதை முழுக்க மூடும் கவசம், பெரியவர்களுக்கு மருந்தகத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பஞ்சடைப்பான். இசைக்கென்றே செய்த அடைப்பான்களும் இருக்கின்றன, அவை பாட்டின் தெளிவைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். ஒலிபெருக்கிக் கோபுரத்துக்கு அருகில் உள்ள இருக்கை வேண்டாம். மறுநாள் காதில் இரைச்சல் இருந்தால் ஓய்வு கொடுங்கள், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

நான் பொண்ணு, தனியா போனா வித்தியாசமா இருக்குமா? கூட வர ஆளே இல்ல.

இருக்காது. தனியாக வருபவர்கள் நிறைய. உள்ளே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் பக்கத்து அக்கா "எங்கேருந்து வரீங்க, எந்தப் பாட்டு பிடிக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார், முடியும்போது எண் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இப்படி அறிமுகமாகி அடுத்தடுத்த கச்சேரிகளுக்குச் சேர்ந்தே போகிறவர்களை எனக்குத் தெரியும்.

பாதுகாப்புக்கு உட்காரும் இருக்கையாக எடுங்கள், நிற்கும் பகுதி முதல் தடவைக்கு வேண்டாம். திரும்பும் வழியை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவையுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் சத்தமாகச் சொல்லுங்கள், சுற்றியுள்ளவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், காவலாளிகளும் ஒவ்வொரு பகுதியிலும் நிற்பார்கள்.

ராக் ஸோன்ல நெரிசல் ஆகுமாமே?

மேடைக்கு முன்னால் நிற்கும் பகுதியில் கூட்டம் முன்னே தள்ளும்போது ஆகும். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு விட இடம் இருக்கும். கூட்டத்தை எதிர்த்துப் பின்னே போகப் பார்க்காதீர்கள், அலை முன்னே போய்த் திரும்பும் இடைவெளியில் குறுக்காகச் சாய்ந்து ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்ததை எடுக்கக் குனிய வேண்டாம், போனாக இருந்தாலும் சரி. யாராவது விழுந்துவிட்டால் எல்லாரும் சேர்ந்து கையை உயர்த்திக் கத்துங்கள். பாடகர்கள் அதைப் பார்த்துப் பாட்டை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தவும் வேண்டும்.

போன்ல வீடியோ எடுக்கலாமா?

ஒரு பாட்டில் ஒரு பகுதி எடுங்கள், அப்புறம் போனைப் பைக்குள் வையுங்கள். முழுக் கச்சேரியையும் எடுத்தவர்கள் அதை அப்புறம் பார்த்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. பின்னால் இருப்பவருக்கு மூன்று மணி நேரமும் உங்கள் திரைதான் தெரியும், அவரும் வெள்ளி கொடுத்துத்தான் வந்திருக்கிறார். நேரலையாக ஒளிபரப்புவதைப் பல நிகழ்ச்சிகளில் தடை செய்கிறார்கள், டிக்கெட்டின் விதிமுறையிலேயே இருக்கும், படியுங்கள்.

முன்னாடி இருக்கிறவங்க எழுந்து நின்னுட்டா? பக்கத்துல இருக்கிறவர் பாடகரைவிட சத்தமா பாடினா?

குத்துப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். மெலடிக்கும் நிற்பவரிடம் "அண்ணே, கொஞ்சம் உக்காருங்க, பின்னாடி பெரியவங்க இருக்காங்க" என்று சொன்னால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். சேர்ந்து பாடுவது கச்சேரியின் உயிர், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாடகர் வாத்தியங்களை நிறுத்திவிட்டு தனியாக ஒரு ஆலாபனை எடுக்கும்போது விசில் அடிப்பதும் பெயரைக் கத்துவதும் தப்பு. அந்த ஒரு நிமிடத்துக்காகவே தூரத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்க சீட்ல வார்த்தையே புரியல, எதிரொலியாவே கேட்டுச்சு. சவுண்ட்காரங்க தப்பா?

சில நேரம் ஆம், பல நேரம் இடத்தின் தன்மை. ஒலி ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். பெரிய ஸ்டேடியத்தில் மேடையிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு அது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதமாகவே வந்து சேரும். அதனால்தான் திரையில் உதடு முதலில் அசைகிறது, குரல் பின்னால் வருகிறது. நடுவில் கூடுதல் ஒலிபெருக்கிக் கோபுரங்கள் வைத்து, அவற்றின் ஒலியைக் கணக்காகத் தாமதப்படுத்தி மேடை ஒலியோடு சேர்ப்பார்கள். அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும்.

கான்கிரீட் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவது இன்னொரு காரணம், மேல் அடுக்கின் கடைசி வரிசைகளில் இது அதிகம். மாலையில் வாத்தியங்களைச் சோதிக்கும்போது அரங்கம் காலி, கூட்டம் நிரம்பிய பிறகு ஒலி மாறும், அதனால் முதல் இரண்டு பாட்டுகள் சரியில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், பொறியாளர் சரிசெய்துகொண்டிருப்பார். மூன்றாவது, நான்காவது பாட்டிலும் சரியாகவில்லை என்றால் ஏற்பாட்டாளர்களுக்குப் பகுதி எண்ணோடு எழுதுங்கள். "சவுண்டு மோசம்" என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் பயனில்லை.

உண்மையாவே பாடினாரா, இல்ல வாயசைச்சாரா? காதுல எதையோ மாட்டியிருந்தாரே.

காதில் மாட்டியிருப்பது அவர் குரலையும் வாத்தியங்களையும் அவருக்கே கேட்க வைக்கும் கருவி. மேலே சொன்ன தாமதம் மேடையில் இருப்பவரையும் குழப்பும், அரங்கத்திலிருந்து திரும்பி வரும் ஒலியைக் கேட்டுப் பாடினால் தாளம் தப்பிவிடும். பாட்டின் நடுவில் ஒரு காதிலிருந்து அதைக் கழற்றுகிறார் என்றால் நீங்கள் பாடுவதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று அர்த்தம், அப்போது நன்றாகப் பாடுங்கள்.

கோரஸ், வயலின் கூட்டம் போன்றவற்றைப் பதிவிலிருந்து ஓடவிடுவது இப்போது எங்கும் வழக்கம். அறுபது வயலின் கலைஞர்களை விமானத்தில் ஏற்றி வர முடியாது, அதில் எனக்குக் குறையில்லை. முக்கியக் குரலே பதிவிலிருந்து வந்தால் அது ஏமாற்று. கண்டுபிடிக்க வழி இருக்கிறது: மைக்கை வாயிலிருந்து விலக்கும்போது குரல் குறைகிறதா, ஓடி ஆடியபின் மூச்சு கேட்கிறதா, பதிவில் இல்லாத சங்கதி வருகிறதா. சின்னச் சின்னப் பிசிறுகள் கேட்டால் சந்தோஷப்படுங்கள், உங்களுக்காக அந்த நேரத்தில் பாடிய குரல் அது.

முன்ன மாதிரி குரல் இல்லையே, ஸ்ருதியையே குறைச்சிட்டாரு?

குறைப்பார்கள், குறைக்கத்தான் வேண்டும். முப்பது வயதில் பாடிய உச்ச ஸ்தாயியை அறுபதில் எட்டிப் பிடிக்கச் சொல்வது சரியில்லை. ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ இறக்கி வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் சொல்லுக்கும் பாவத்துக்கும் அதிக இடம் கொடுத்துப் பாடும் பெரியவர்களின் பாட்டில், பழைய பதிவில் கேட்காத ஒரு பொருள் கிடைக்கிறது. அவர்கள் மேடையில் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்தபோது, "அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம்னு இருந்தேன்" என்று எத்தனை பேர் சொன்னார்கள்.

எல்லாரும் எதிர்பார்த்த அந்தப் பாட்டைப் பாடவே இல்ல. ஏன்?

காரணங்கள் பல. முந்தைய கேள்வியில் சொன்ன குரல் மாற்றம் ஒன்று. ஜோடிப் பாட்டு என்றால் கூடப் பாட வேண்டியவர் வராமல் இருக்கலாம். மூன்றாவது, உரிமை. பாட்டைப் பாடியவர் என்பதாலேயே அதை எந்த மேடையிலும் பாடும் உரிமை பாடகருக்கு வந்துவிடுவதில்லை. 2017இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரிகள் நடத்திக்கொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது, அந்தப் பயணத்தில் அவர் மற்ற இசையமைப்பாளர்களின் பாட்டுகளைப் பாடினார். பிறகு இருவரும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள் என்பது நம் எல்லாருக்கும் நிம்மதி.

பத்துப் பாட்டை ஒன்றாகக் கோத்து ஆளுக்கு நான்கு வரி பாடுவதைப் பற்றியும் நிறையப் பேர் வருத்தப்படுகிறார்கள். எனக்கும் அது பிடிப்பதில்லை. நான்கு பாட்டை முழுசாகப் பாடினால் போதும். ஏற்பாட்டாளர்கள் கருத்துக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தள்ளி வெச்சிட்டாங்க, இல்லன்னா ரத்து பண்ணிட்டாங்க. காசு திரும்ப வருமா?

ரத்து என்றால் திருப்பித் தர வேண்டும். தள்ளிவைப்பு என்றால் டிக்கெட் விதிமுறையைப் பாருங்கள், பலரும் புதிய தேதிக்கு அதே டிக்கெட் செல்லும் என்பார்கள், போக முடியாதவர்களுக்குப் பணம் கேட்க ஒரு கெடு வைப்பார்கள், அதைத் தவற விடாதீர்கள். ரசீது, மின்னஞ்சல், அறிவிப்பின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

பதிலே இல்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், வக்கீல் தேவையில்லை. இருநூறு, முந்நூறு வெள்ளிக்காக எதற்கு அலைவது என்று விட்டுவிடுபவர்கள் அதிகம், அதனால்தான் சில ஏற்பாட்டாளர்கள் துணிகிறார்கள். விமான டிக்கெட், ஓட்டல் செலவு திரும்ப வருவது கஷ்டம், வெளியூர்க்காரர்கள் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள்.

அனுபவத்தை எழுதணும்னு ஆசை. ஆனா "சூப்பர், செம்ம" தாண்டி ஒண்ணும் வரல. குறை சொன்னா ரசிகர்கள் சண்டைக்கு வர்றாங்க.

அன்றிரவே எழுதுங்கள், காலையில் பாதி மறந்துவிடும். எல்லாப் பாட்டையும் பட்டியல் போட வேண்டாம், உங்களை நிறுத்திய ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டு, எந்த வரி, அப்போது பாடகர் என்ன செய்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், உங்களுக்கு ஏன் தொண்டை அடைத்தது. எந்தப் பகுதியில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், அடுத்த தடவை டிக்கெட் எடுப்பவருக்கு அது உதவும். மேடையில் வாசித்தவர்களின் பெயரை எழுதுங்கள், அவர்களை யாரும் எழுதுவதில்லை.

குறை இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். ஒலி, இருக்கை, தாமதம், தண்ணீர் விலை எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஆனால் யாருடைய பொறுப்பு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது ஏற்பாட்டாளர் தப்பாக இருக்கலாம், அதற்குப் பாடகரைத் திட்டி எழுதினால்தான் சண்டை வருகிறது. இன்னும் கேள்வி இருந்தால் உங்கள் வார்த்தையிலேயே கேளுங்கள், இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.